மூன்று கண்ணாடி ஜன்னல்: ஆலை விலை ஒன்று, அடக்க விலை வேறு

அகோலாவில் துவரம்பருப்பு மூட்டை என்ன விலை, அதே மூட்டை நம் கடை வாசலில் இறங்கும்போது என்ன விலை என்ற கணக்கு நம்மில் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். தரகு, லாரி வாடகை, எடைக் குறைவு, இறக்குக் கூலி எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் அடக்க விலை போடுகிறோம். இந்த மாதம் அதே கணக்கை நமக்குப் பழக்கமில்லாத ஒரு சரக்குக்குப் போட்டுப் பார்க்கலாம். குளிர் நாடுகளில் வீடுகளுக்கு வாங்கும், ஒரு சுவர் அளவுக்குப் பெரிதான, மூன்று கண்ணாடி பதித்த ஜன்னல்தான் அது.

நமது உறுப்பினர் குடும்பங்களில் பிள்ளைகள் கனடாவிலும் நார்வேயிலும் வீடு கட்டிக்கொண்டு இருப்பதால் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாடுகளில் ஜன்னல் வாங்குவோர் சிலர் உள்ளூர் டீலரை விட்டுவிட்டு, போலந்திலோ ஜெர்மனியிலோ உள்ள ஆலைக்கே நேராக எழுதி வரவழைக்கிறார்கள். நடுவில் இருப்பவரை நீக்கினால் எவ்வளவு மிச்சம் என்ற அந்தக் கேள்வி இன்று மளிகைக் கடையைச் சுற்றியும் கேட்கப்படுகிறது. ஜன்னல் வியாபாரத்தில் அதன் விடை கொஞ்சம் தெளிவாகவே தெரிகிறது.

சரக்கு என்ன?

ஐஸ்கிரீம் வைக்கும் நிமிர்ந்த ஃப்ரீசரின் கண்ணாடிக் கதவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகளை இடைவெளி விட்டு நிறுத்தி, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி மூடியிருப்பார்கள். ஓரத்தில் ஓடும் மெல்லிய பட்டை உள்ளே குழாய் போலக் காலியாக இருக்கும். அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிறு மணிகள். மாத்திரைக் குப்பிக்குள் ஒரு சிறு பொட்டலம் போட்டு வைக்கிறார்களே, அதே வேலைதான்.

இடைவெளியில் காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை நிரப்புகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது இருக்கிறது. காற்று கடத்தும் வெப்பத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கடத்தும். இத்துடன் கண்ணாடியின் உள்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெள்ளிப் பூச்சு. அறையின் சூட்டை அது உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. மூன்று கண்ணாடி என்று சொல்லி விற்றாலும், பாதிக்கு மேல் வேலையைச் செய்வது இந்தப் பூச்சும் வாயுவும்தான். பூச்சு இல்லாத மூன்று கண்ணாடியைவிட, பூச்சும் ஆர்கானும் உள்ள இரண்டு கண்ணாடி குளிரை நன்றாகத் தடுக்கும்.

இந்தச் சரக்கை அளக்கும் அளவுகோலுக்கு யு மதிப்பு என்று பெயர். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் போகிறது என்பதே அது. எண் சிறிதானால் சரக்கு நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.8, பூச்சும் ஆர்கானும் உள்ள இரட்டைக் கண்ணாடிக்குச் சுமார் 1.1, மூன்று கண்ணாடிக்கு 0.5 முதல் 0.7 வரை. சட்டத்தையும் சேர்த்தால் முழு ஜன்னலுக்கு 0.8 கிடைப்பது நல்ல சரக்கு.

எண்ணைப் பணமாக்கிப் பார்ப்போம். 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம், அதாவது 7.5 சதுர மீட்டர் ஜன்னல். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 10. ஒற்றைக் கண்ணாடியானால் 1,300 வாட் வெளியே போகும். ஒரு இஸ்திரிப் பெட்டி இரவும் பகலும் ஓடுவது போல. யு மதிப்பு 0.8 ஆனால் 180 வாட். ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் உறைநிலைக்கும் கீழே போய்ப் பனி பிடிக்கும்; மூன்று கண்ணாடியின் உள்முகம் 17 டிகிரிக்கு மேல் இருக்கும். நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக் குளிர்காலத்தில் உட்கார முடிகிறது என்பதற்குத்தான் அங்கே மக்கள் இவ்வளவு செலவு செய்கிறார்கள்.

1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை ஏற்றத்துக்குப் பிறகு சுவீடனில் மூன்று கண்ணாடி பரவலாயிற்று. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கிரானிக்ஸ்டைன் பகுதியில் 1991இல் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற அறிஞரின் முயற்சியில் முதல் பாசிவ் ஹவுஸ் கட்டப்பட்டது. தனியான வெப்பமூட்டும் அடுப்பு ஏறக்குறைய வேண்டாத வீடு. அதற்கு ஏற்ற ஜன்னல் அன்று கடையில் கிடைக்கவில்லை. சட்டங்களைக் கையால் செய்து, கண்ணாடிக்கு இடையில் கிரிப்டான் என்ற விலை உயர்ந்த வாயுவை நிரப்பினார்கள். அன்று கைவேலையாகச் செய்த சரக்கு இன்று ஆலைகளில் வரிசையாக வெளிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜன்னல் ஏற்றுமதியில் முதலிடம் இன்று போலந்துக்கு.

பெரிது என்றால் எவ்வளவு?

கண்ணாடித் தகடு ஆலையிலிருந்து வரும்போதே ஓர் எல்லையோடு வருகிறது. உருகிய கண்ணாடியை உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 1959இல் அறிவித்தது. உலகெங்கும் இன்று அந்த முறைதான். அதில் வழக்கமான முழுத்தகடு 6 மீட்டர் நீளம், 3.21 மீட்டர் அகலம். இதைத் தாண்டினால் விசேஷ ஆர்டர். ஆலைகள் குறைவு, விலை தாவும்.

ஆனால் பெரும்பாலான வீட்டு ஜன்னல்கள் தகட்டின் எல்லையைத் தொடுவதில்லை. அதற்கு முன்பே எடை குறுக்கே நிற்கிறது. கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. பெரிய ஜன்னலுக்கு 6 மி.மீ. கண்ணாடி வேண்டும். மூன்று கண்ணாடிக்கு 18 மி.மீ.; சதுர மீட்டருக்கு 45 கிலோ. நாம் சொன்ன 7.5 சதுர மீட்டருக்குக் கண்ணாடி மட்டும் 337 கிலோ. சட்டமும் சேர்ந்தால் 400 கிலோவைத் தொடும். 50 கிலோ மூட்டை எட்டு. எட்டு மூட்டையை எட்டு நடையாக இறக்கலாம். இதை ஒரே நடையில்தான் இறக்க வேண்டும்.

திறந்து மூடும் ஜன்னலுக்கு எடை இன்னும் கறாரானது. ஐரோப்பியக் கீல்கள் சாதாரணமாக 100 முதல் 130 கிலோ வரையே தாங்கும். ஆகவே மிகப் பெரிய ஜன்னலைத் திறக்கும் வகையில் கேட்பது வீண். நடுவில் திறக்காத பெரிய கண்ணாடி, பக்கத்தில் திறக்கும் குறுகிய ஜன்னல் என்று பிரிப்பதே வழக்கம்; திறக்காத கண்ணாடி சதுர மீட்டருக்கு மலிவும்கூட. திறந்தே ஆகவேண்டும் என்றால், கைப்பிடியைத் திருப்பினால் கதவு சற்று உயர்ந்து உருளும் கனத்த தள்ளுகதவு இருக்கிறது. 300, 400 கிலோ தாங்கும். விலையும் அதற்கேற்ப.

விலைப்புள்ளியைப் படிப்பது

மூன்று ஆலைகளிடம் விலைப்புள்ளி வாங்கி, கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் ஒப்பிடுபவர் ஏமாறுவார். முதலில் பார்க்க வேண்டியது யு மதிப்பு எதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது. கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டும் 0.5 என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, சட்டத்தையும் ஓரத்தையும் சேர்த்த கணக்கைச் சொல்லாமல் விடுவது உண்டு. பாக்கெட் எடையையும் சேர்த்து நிகர எடை என்று போடுவது போல. முழு ஜன்னலின் எண்ணைத்தான் கேட்க வேண்டும்; அதுவும் நாம் வாங்கும் அளவுக்கு.

அடுத்தது அலகு. அமெரிக்காவில் வேறு அலகில் சொல்கிறார்கள். ஐரோப்பிய எண்ணை 0.176ஆல் பெருக்கினால் அமெரிக்க எண் வரும், 0.8 என்பது அங்கே 0.14. பெருக்கினால் மட்டும் போதாது. இரு இடத்திலும் சோதனை முறையே வேறு. ஐரோப்பியக் கணக்கு வெளியே 0 டிகிரி என்று வைத்துப் போடப்படுகிறது. அமெரிக்கக் கணக்கு மைனஸ் 18 என்று வைத்து. ஒரே ஜன்னலுக்கு இரண்டு முறையிலும் எண் சற்று மாறி வரும். ஒரே முறையில் சோதித்த இரண்டு சரக்கைத்தான் தராசில் எதிரெதிரே வைக்கலாம்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் கட்டட அதிகாரி கேட்பது வட அமெரிக்கச் சோதனைச் சான்று. ஐரோப்பிய ஆலை தரும் சி.ஈ. முத்திரை ஐரோப்பாவுக்கானது. சில ஐரோப்பிய ஆலைகள் இரண்டு சான்றும் வைத்திருக்கின்றன. பல ஆலைகளிடம் இல்லை. சான்று இல்லாத ஜன்னலைச் சுவரில் பொருத்திய பிறகு அதிகாரி ஏற்க மறுத்தால், ஆலை பொறுப்பேற்காது. பணம் அனுப்பும் முன்பே சான்றின் நகலை வாங்கி, உள்ளூர்க் கட்டட அலுவலகத்தில் காட்டிக் கேட்பதுதான் முறை.

வெயில் எவ்வளவு உள்ளே விடும் என்பதற்கும் ஓர் எண் உண்டு. தெற்குப் பக்கத்து ஜன்னல் குளிர்காலத்தில் இலவசமாக வெயிலைத் தருகிறது. அதற்கு அந்த எண் அதிகமாக இருக்க வேண்டும். மேற்குப் பக்கத்துப் பெரிய கண்ணாடிக்கு அதே எண் இருந்தால், கோடையில் மாலை நேரத்தில் அந்த அறையில் உட்கார முடியாது. வீடு முழுவதற்கும் ஒரே கண்ணாடியைச் சொல்லிவிடுவது எளிது; அனுபவம் உள்ள டீலர் திசை கேட்காமல் விலை சொல்ல மாட்டார்.

வரைபடத்தில் கையெழுத்து

இந்தச் சரக்கு அளவெடுத்துச் செய்வது. பெரிய கண்ணாடிகளில் பாதுகாப்புக்காகச் சூடாக்கிப் பதப்படுத்திய கண்ணாடி போடுவார்கள். பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. வெட்ட முயன்றால் முழுவதும் நொறுங்கும். அதிகம் வந்த சரக்கைத் திருப்பி அனுப்பலாம், நாள்பட்ட சரக்கை மாற்றிக் கேட்கலாம் என்ற நம் வழக்கம் எதுவும் இங்கே செல்லாது. 20 மி.மீ. பெரிதாக வந்த ஜன்னலுக்காகச் சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

ஆகவே ஆலை அனுப்பும் வரைபடத்தில் போடும் கையெழுத்துதான் உண்மையான கொள்முதல். அதில் ஒரு வழக்கமான பொறி இருக்கிறது. ஐரோப்பிய வரைபடங்களில் பெரும்பாலும் ஜன்னலை வீட்டுக்குள் நின்று பார்ப்பது போல வரைவார்கள். வட அமெரிக்காவில் வெளியே நின்று பார்ப்பது போல. இடக்கீல் வலக்கீலாக மாறிவிடும். வரைபடத்தின் ஓரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து பார்வை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் எழுதி வாங்க வேண்டும். அளவு சட்டத்தின் அளவா, சுவரில் விட்ட திறப்பின் அளவா என்பதையும் அப்படியே. பொருத்துவதற்குச் சுற்றிலும் 10 முதல் 20 மி.மீ. இடம் தேவை, அதை ஆலை கழித்ததா, நாம் கழிக்க வேண்டுமா என்பது எழுத்தில் இல்லாவிட்டால் இரண்டு பேரும் கழிப்பார்கள், அல்லது யாருமே கழிக்க மாட்டார்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது பாதித் தொகை, ஆலையிலிருந்து கிளம்பும் முன் மீதி என்று கேட்பது சாதாரணம். சரக்கைக் கண்ணால் காணும் முன்பே முழுப் பணமும் போய்விடுகிறது. இடையில் ஆலை மூடப்பட்டால் முன்பணம் கொடுத்தவர் கடன்காரர்கள் வரிசையில் கடைசியில் நிற்பார். ஆலையின் வயது என்ன, அந்த நாட்டில் அதற்கு ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் உண்டா, அவர்களில் இருவரிடம் பேச முடியுமா என்று விசாரிக்காமல் இந்த அளவு பணம் அனுப்புவது தவறு. விலை எத்தனை நாள் நிற்கும் என்பதையும் கேட்க வேண்டும். 2022இல் உக்ரைன் போரினால் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியபோது, கண்ணாடி ஆலைகள் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று தனியாக ஒரு வரி சேர்த்தன. கண்ணாடி உலை ஒருமுறை பற்றவைத்தால் பத்துப் பதினைந்து வருடம் அணையாமல் எரிவது. விலை ஏறியது என்று அதை இரண்டு மாதம் அணைத்து வைக்க முடியாது. ஏற்றம் வாங்குபவர் தலையில்தான் வந்து விடியும்.

வழியில் யார் பொறுப்பு?

இங்கேதான் ஆலை விலையும் அடக்க விலையும் பிரிகின்றன. போலந்து ஆலையிலிருந்து டொரொண்டோ பக்கம் ஒரு வீட்டுக்கு வரும் சரக்கை எடுத்துக்கொள்வோம். ஆலையிலிருந்து லாரியில் துறைமுகம், கப்பலில் ஹாலிஃபாக்ஸ் அல்லது மாண்ட்ரியல், அங்கிருந்து ரயிலோ லாரியோ, கடைசியில் வீட்டு வாசல். குறைந்தது நான்கு முறை கைமாறுகிறது.

கன்டெய்னர் கதவே ஒரு அளவுகோல். உயரமான 40 அடிக் கன்டெய்னரின் கதவுத் திறப்பு உயரம் சுமார் 2.58 மீட்டர், அகலம் 2.34 மீட்டர். கண்ணாடியைப் படுக்க வைத்து அனுப்பக் கூடாது. நிறுத்தி, சற்றுச் சாய்த்து, மரச் சட்டத்தில் கட்டித்தான் அனுப்ப வேண்டும். நமது 2.5 மீட்டர் ஜன்னலுக்கு மேலே எஞ்சுவது 8 சென்டிமீட்டர். அடியில் வைக்கும் மரக்கட்டைக்கே அது போதாது. 20 சென்டிமீட்டர் குறைத்து வரைந்திருந்தால் சாதாரணக் கன்டெய்னரில் வந்திருக்கும். இப்போது மேல் திறந்த கன்டெய்னர் பிடித்து, கிரேன் வைத்து ஏற்றி, கிரேன் வைத்து இறக்க வேண்டும். வரைபடம் போடும் கட்டட நிபுணருக்கு இது தோன்றாது. சரக்கு ஏற்றி இறக்கிப் பழகியவருக்குத்தான் தோன்றும்.

உயரமான ஊர்களுக்கு இன்னொரு தொல்லை. சிப்ஸ் பாக்கெட்டுகளை ஊட்டிக்கு ஏற்றினால் பலூன் போல உப்புவதை நாம் பார்த்திருக்கிறோம். கடல் மட்டத்தில் ஒட்டி மூடிய கண்ணாடிக்கும் அதே கதி. கனடாவின் கால்கரி நகரம் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே. அங்கே காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே அடைபட்ட வாயு கண்ணாடிகளை வெளியே தள்ளும். இதற்காக ஓரத்தில் மயிரிழை போன்ற குழாய் வைப்பார்கள். அதன் வழியே ஆர்கானும் மெல்ல வெளியேறிவிடும். போகும் ஊரின் உயரத்தை ஆர்டரிலேயே எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இனிப் பொறுப்பு. "ஆலை வாசலில் ஒப்படைப்பு" என்று விலைப்புள்ளியில் இருந்தால், லாரியில் ஏற்றும்போது உடைந்தாலும் நஷ்டம் வாங்கியவருக்கு. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கட்டணமும் இன்சூரன்சும் விற்பவர் தருகிறார். ஆனால் சரக்கு கப்பலில் ஏறிய கணமே ஆபத்து வாங்குபவருடையது ஆகிவிடுகிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. விற்பவர்தானே இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார் என்று நிம்மதியாக இருப்பார்கள். 2020ஆம் ஆண்டு வணிக விதிகளின்படி சி.ஐ.எஃப். விற்பனையில் விற்பவர் எடுக்கக் கட்டாயமான இன்சூரன்ஸ் மிகக் குறைந்த வகையான சி வகை மட்டுமே. கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் பணம் கிடைக்கும். இறக்கும்போது தட்டி உடைந்த கண்ணாடிக்குக் கிடைக்காது. கண்ணாடி வாங்குபவர் ஏ வகை இன்சூரன்ஸ் கேட்டு, அதில் உடைசலும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் படித்தே பார்க்க வேண்டும்.

கப்பல் கம்பெனி நஷ்டஈடு தராதா என்று கேட்கலாம். தரும், எடைக்குத்தான், விலைக்கு அல்ல. கனடா பின்பற்றும் கடல் சரக்கு விதியில் எல்லை கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர். அல்லது ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஏறக்குறைய ஒன்றேகால் அல்லது ஒன்றரை டாலருக்குள் இருக்கும். 400 கிலோ ஜன்னலுக்கு 800 எஸ்.டி.ஆர்.தான் உச்சம். அந்த ஜன்னலின் விலையில் அது சிறு பகுதி.

சுங்க வரியிலும் நாள் முக்கியம். கனடாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான வணிக ஒப்பந்தம் 2017 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்ததால் பெரும்பாலான சரக்குக்கு வரி நீங்கியது. ஐரோப்பாவில் செய்யப்பட்டது என்ற உறுதிமொழி பட்டியலில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2025இல் ஐரோப்பியச் சரக்குகளின் வரி சில மாதங்களுக்குள் பலமுறை மாறியது. ஆர்டர் கொடுத்த நாளில் ஒரு வரி, கப்பல் கரை சேர்ந்த நாளில் வேறு வரி. ஜன்னல் செய்யவும் கடல் கடக்கவும் மாதங்கள் ஆகும் சரக்குக்கு இது சிறிய விஷயம் அல்ல.

கடைசியில் வீட்டு வாசல். லாரிக்காரரின் பொறுப்பு லாரித் தரையோடு முடிகிறது. இறக்குவது வாங்கியவர் வேலை. நான்கு பேர் வந்து தூக்கும் காரியமும் அல்ல. கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கும் ரப்பர்க் கிண்ணங்கள் பொருத்திய கிரேன் வேண்டும், அதை ஓட்டத் தெரிந்தவர் வேண்டும், மழை பெய்து மண் இளகாத வழி வேண்டும். கிரேன் ஒரு நாள் முன்னால் வந்து காத்திருந்தால் அதற்கும் வாடகை.

பொதியைப் பிரிக்காமல் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்திடக் கூடாது. வெளியே தெரியும் சேதத்தை ரசீதிலேயே எழுத வேண்டும். மறைந்திருந்து பிறகு தெரிந்தால், கடல் சரக்குக்கு மூன்று நாளுக்குள், ஐரோப்பாவுக்குள் லாரியில் வந்த சரக்குக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீடு தயாராகவில்லை என்று பொதியை ஒரு மாதம் கொட்டகையில் வைத்துவிட்டுப் பிறகு பிரித்தால் உரிமை கேட்பது கடினம்.

டீலருக்குக் கொடுக்கும் பணம் எதற்கு?

நேர் கொள்முதலில் மிச்சம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு முழுக் கன்டெய்னர் நிறைய ஜன்னல் எடுப்பவருக்கு, வழியில் ஆகும் செலவு இருபது முப்பது ஜன்னலுக்குப் பிரிந்துபோகும். கட்டட வேலை தெரிந்தவர், தானே அளவெடுக்கத் தெரிந்தவர், கிரேன்காரரைப் பழக்கம் உள்ளவர் அப்படி வாங்கலாம்; நிச்சயமாக லாபம். ஒரே ஒரு பெரிய ஜன்னலுக்காக ஆலைக்கு எழுதுபவருக்கு அப்படி இல்லை.

உள்ளூர் டீலரின் விலையில் அவர் அளவெடுக்க இரண்டு முறை வந்து போவது இருக்கிறது. அவர் எடுத்த அளவு தவறானால் மறு ஜன்னல் அவர் செலவு. வழியில் உடைந்தால் அவர் செலவு. பொருத்திய ஆறாம் மாதம் கனத்த கதவு சற்றுத் தொங்கினால் கீலை முடுக்கிவிட அவர் ஆள் வருவார். எட்டாம் வருடம் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் புகை படிந்தால், ஓர ஒட்டு விட்டுப்போய் ஈரம் புகுந்தது என்று பொருள். அந்தக் கண்ணாடியை மாற்ற வேண்டும். ஆலையின் உத்தரவாதம் இருக்கலாம். ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் கண்ணாடிக்கு மட்டும். அதைக் கடல் கடந்து கொண்டுவரும் செலவும் பொருத்தும் கூலியும் யாருடையது என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். ஐரோப்பியக் கண்ணாடி அடுக்கின் மொத்தத் தடிப்பு 48, 50 மி.மீ. இருக்கும்; வட அமெரிக்காவில் செய்யப்படுவது பொதுவாக இதைவிட மெல்லியது. உள்ளூர் ஆலையில் மாற்றுக் கண்ணாடி செய்ய முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டு வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

டீலர் என்ற பெயரில் விலைப்புள்ளியை மட்டும் கைமாற்றி அனுப்பும் ஆட்களும் உண்டு. அளவும் வாங்குபவர் பொறுப்பு, இறக்குவதும் அவர் பொறுப்பு என்று சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவருக்குக் கமிஷன் கொடுப்பதைவிட ஆலைக்கே எழுதலாம். எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று டீலரிடமே ஒரு தாளில் எழுதிக் கேட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

புகார் என்று நினைத்து டீலரைத் திட்டும் ஒரு விஷயம் இருக்கிறது. இலையுதிர் காலத்துக் காலையில் மூன்று கண்ணாடி ஜன்னலின் வெளிப்புறத்தில் பனி படியும். வீட்டுச் சூடு வெளியே வராததால் வெளிக் கண்ணாடி குளிர்ந்து போகிறது. அதில் பனி படிகிறது. சரக்கு நல்ல சரக்கு என்பதற்கு அடையாளம் அது. உட்புறம் படிந்தால் அறைக்குள் ஈரம் அதிகம். நடுவில் படிந்தால்தான் சரக்கில் பழுது.

பூச்சு உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க, இருட்டிய பிறகு கண்ணாடியின் முன் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தால் போதும். மூன்று கண்ணாடிக்கு ஆறு முகம். ஆறு சுடர்கள் பிரதிபலிக்கும். பூச்சுள்ள முகத்தின் சுடர் மட்டும் நிறம் மாறித் தெரியும். ஆறும் ஒரே நிறமானால் பூச்சு இல்லை. ஓரப் பட்டையில் ஆலையின் பெயரும் செய்த தேதியும் அச்சிட்டிருப்பதும் வழக்கம். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

நம் ஊரில்

தமிழ்நாட்டு வீட்டுக்கு மூன்று கண்ணாடி வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே நமது கருத்து. ஏ.சி. அறைக்குள் 25, வெளியே 38 என்றாலும் வித்தியாசம் 13 டிகிரிதான். இங்கே அறையைச் சுடவைப்பது கண்ணாடி வழியே நேராக விழும் வெயில். அதைத் தடுக்க வெயில் தடுப்புப் பூச்சும் வெளியே ஒரு சன்ஷேடும் போதும். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் மிதவைக் கண்ணாடி செய்து வருவதால் அப்படிப்பட்ட கண்ணாடிக்குக் கடல் தாண்ட வேண்டியதும் இல்லை.

ஆனால் நம் கடையிலேயே கனடாக் குளிர்காலத்தைவிடப் பெரிய வித்தியாசம் தாங்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஐஸ்கிரீம் ஃப்ரீசருக்குள் மைனஸ் 18, கடையில் 32. ஐம்பது டிகிரி. அந்தக் கதவுக்கு மூன்று கண்ணாடி வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஏ.சி. இல்லாத கடையில் மூன்று கண்ணாடிக் கதவும் வெளிப்புறம் வியர்க்கும். காற்றில் ஈரம் அவ்வளவு. அதற்காகவே கதவுக்குள் சூடேற்றும் கம்பி வைக்கிறார்கள். மின் கட்டணம் மிச்சம் என்று அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, கதவு சரியில்லை என்று கம்பெனிக்குப் போன் செய்வதில் பயன் இல்லை. துடைத்தால் போகாத புகை கண்ணாடிகளுக்கு நடுவில் தெரிந்தால் ஒட்டு விட்டுப்போயிற்று. கதவையே மாற்றித் தரும்படி கேட்கலாம். ஃப்ரீசர் வாங்கும்போதே உத்தரவாதத்தில் கதவுக் கண்ணாடி சேர்ந்திருக்கிறதா, மாற்றுக் கதவு எந்த ஊர்க் கிடங்கிலிருந்து வரும், அதுவரை உள்ளே உள்ள சரக்கு கெட்டால் யார் பொறுப்பு என்று பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.